சூப்பர் டாப்-அப் பாலிசி: ரெண்டு பில்லும் சேத்து 3 லட்சம் தாண்டிருச்சு, ஆனாலும் கிளெய்ம் இல்லங்கறாங்க, உதவுங்க

வைகைக்கரை: அப்பாவுக்கு 67 வயசு, ரிட்டயர் ஆயிட்டாங்க. வேலை பாத்த எடத்துல இருந்து ஒரு குரூப் பாலிசி இருக்கு, 3 லட்சம். அது பத்தாதுன்னு 2022ல தனியா ஒரு சூப்பர் டாப்-அப் எடுத்தேன், 10 லட்சம், டிடக்டிபிள் 3 லட்சம், அதாவது மொத செலவு 3 லட்சத்துக்கு மேல போறத மட்டும் தான் அவங்க தருவாங்க. போன ஜூன்ல ஸ்டென்ட் வச்சப்ப 2,10,000 ஆச்சு, குரூப் பாலிசியே குடுத்துருச்சு. நவம்பர்ல வலது முட்டி ஆபரேஷன், 2,40,000. குரூப்ல மிச்சம் இருந்த 90,000 போக 1,50,000 கைக்காசு. ரெண்டையும் கூட்டுனா நாலரை லட்சம் வருதுல்ல, ஆனா சூப்பர் டாப்-அப் கம்பெனி டிடக்டிபிள் தாண்டலன்னு லெட்டர் அனுப்பிட்டாங்க. அப்பா எல்லா பில்லையும் எக்ஸ்ரே கவருக்குள்ள போட்டு வச்சுக்கிட்டு என்னாச்சுப்பான்னு தெனமும் கேக்கறாரு, எனக்கு பதில் சொல்ல முடியல.

தென்காசி ராஜா: மொதல்ல அது வெறும் டாப்-அப்பா சூப்பர் டாப்-அப்பான்னு பாருங்க. டாப்-அப்னா ஒவ்வொரு அட்மிஷனும் தனித்தனியா 3 லட்சத்த தாண்டணும். சூப்பர்ல தான் வருஷத்துல வர்ற எல்லா பில்லையும் கூட்டுவாங்க.

வைகைக்கரை: சூப்பர்னு தான் அண்ணே போட்டிருக்கு, பாத்துட்டேன்.

தென்காசி ராஜா: அப்ப குடுத்துத்தான் ஆகணும். கம்பெனியோட புகார் பிரிவு, கிரீவன்ஸ்க்கு மெயில் போடுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலன்னா இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற சென்னை ஓம்புட்ஸ்மேன்கிட்ட போங்க, வக்கீலும் வேணாம் ஃபீஸும் கெடையாது.

முன்னாள் டெஸ்க் அக்கா: கொஞ்சம் பொறுங்க தம்பி. நான் 11 வருஷம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருந்தவ. ரெண்டு பாலிசிலயும் எந்த தேதில இருந்து எந்த தேதி வரைன்னு போட்டிருக்கு?

வைகைக்கரை: குரூப் ஏப்ரல் 1 டு மார்ச் 31. சூப்பர் டாப்-அப் ஆகஸ்ட் 12, 2025 டு ஆகஸ்ட் 11, 2026ன்னு இருக்கு அக்கா.

முன்னாள் டெஸ்க் அக்கா: அதான் விஷயம். வருஷம்னா அவங்க பாலிசி வருஷம். ஜூன் பில் அவங்க கணக்குல போன வருஷத்துது, ஆகஸ்ட்ல ரின்யூ ஆனதும் கூட்டல் மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சிருச்சு, அதனால இந்த வருஷம் அவங்க கணக்குல இருக்கறது 2,40,000 மட்டும் தான். லெட்டர் தப்பில்ல தம்பி, கஷ்டமா இருக்கு சொல்றதுக்கு. எத்தனையோ ரிட்டயர் ஆன குடும்பம் இதுல மாட்டிக்கிட்டு டெஸ்க் முன்னாடி நின்னத பாத்திருக்கேன், பாலிசி விக்கறப்பவே இத ஒரு வார்த்தை சொல்லிருக்கணும்.

ஆனா அந்த எக்ஸ்ரே கவர தூக்கிப் போட்றாதீங்க. அடுத்த ஆகஸ்ட் 11க்குள்ள இன்னும் 60,000 சேந்துச்சுன்னா அதுக்கு மேல வர்றது அவங்க பொறுப்பு. முட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் மாத்திரை, டாக்டர் எழுதிக் குடுத்த பிசியோ இதெல்லாம் பாலிசில சொல்ற நாளுக்குள்ள இருந்தா கூட்டல்ல வரலாம். கிளவுஸ், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மாதிரி தர மாட்டோம்னு கழிச்ச காசு கூட்டல்ல சேராது, அதனால 2,40,000ல எவ்வளவ ஏத்துக்கிட்டாங்கன்னு எழுத்துல வாங்கிக்கங்க.

தென்காசி ராஜா: தேதிய நான் யோசிக்கவே இல்ல, மன்னிச்சுக்கங்க தம்பி. எங்க அம்மா பாலிசியயும் இப்பவே எடுத்துப் பாக்கறேன்.

வைகைக்கரை: இப்பத்தான் புரியுது அக்கா. பேசாம இத நிறுத்திட்டு ஏப்ரல்ல புதுசா எடுத்துரவா?

முன்னாள் டெஸ்க் அக்கா: வேணாம்! ஸ்டென்ட் வச்சாச்சு, புதுசா எடுத்தா அது பழைய வியாதி ஆயிரும், 3 வருஷம் வரைக்கும் காக்க வைக்கலாம், பாலிசி தராமயும் போகலாம். இதயே விடாம கட்டுங்க. எடது முட்டியும் வலிக்குதுன்னு அப்பா சொல்றாரா?

வைகைக்கரை: ஆமா அக்கா, டாக்டர் அதையும் பண்ணனும்னு தான் சொல்லிருக்காரு.

முன்னாள் டெஸ்க் அக்கா: அப்ப டாக்டர் சரின்னா ஏப்ரல் 1க்கு அப்புறம், ஆகஸ்ட் 11க்கு முன்னாடி தேதி கேளுங்க. குரூப் ரின்யூ ஆகி 3 லட்சம் புதுசா வந்திருக்கும், இந்த 2,40,000ம் கணக்குல நிக்கும். ரெண்டு பாலிசியும் கை குடுக்கும்.