புதுப்பிப்பு: புது எச்4 பல்பு போட்டும் எரியாத ஹெட்லைட் சரியாகிவிட்டது

எச்4 பல்பு (லோ பீம், ஹை பீம் இரண்டும் ஒரே பல்பில் இருக்கும் வகை) மாற்றியும் இடது ஹெட்லைட் எரியவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. "ஹோல்டரைக் (பல்பின் பின்கள் செருகும் ஒயர் சாக்கெட்) கழற்றிப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. லோ, ஹை இரண்டுக்கும் பொதுவான பின் செருகும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது; உள்ளே தகடு கறுத்துத் தளர்ந்து கிடந்தது. பழைய பல்பின் அடியைத் துடைத்துப் பார்த்தால் 100/90 வாட்! வண்டிக்கு உரியது 60/55 தான் (ஹை/லோ வாட்). கூடுதல் வாட் இழுத்த கூடுதல் மின்சாரத்தில்தான் ஹோல்டர் சூடேறி உருகியிருக்க வேண்டும். வாங்கும்போதே இருந்த பல்பு, நான் கவனிக்கவில்லை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, செராமிக் ஹோல்டர் ஒன்றை ஒயர் ஒயராக மாற்றி இணைத்தேன். அப்புறம் 60/55 பல்பை, கண்ணாடியில் விரல் படாமல் மாட்டினேன். எரிகிறது. வலது பக்கமும் அதே 100/90 இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன்.