கேபிலரி எலக்ட்ரோபோரேசிஸில் ஸ்டீராய்டு ஹார்மோன்: உங்க அனுபவம் சொல்லுங்க

பாளையங்கோட்டையிலிருந்து:

கேபிலரி எலக்ட்ரோபோரேசிஸ்ல, அதாவது மயிரிழை மாதிரி குழாய்ல பஃபர் கரைசலை நிரப்பி மின்சாரம் பாய்ச்சிப் பொருளைப் பிரிக்கிற முறையில, கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் மூணு ஹார்மோனையும் பிரிச்ச கதையைச் சொல்லுதேன். மூணுக்கும் மின்சுமை கிடையாது. வெறும் போரேட் பஃபர்ல ஓட்டினா பஃபரோட வேகத்துலயே சேர்ந்து வந்து வரைபடத்துல ஒரே பீக்கா, ஒரே முகடா நிக்கும். 1984ல டெராபே குழு காட்டின வழிதான் இதுக்கு மருந்து: பஃபர்ல எஸ்டிஎஸ்ங்கிற சோப்பு மாதிரி பொருளைக் கலந்து மைசெல், அதாவது அந்த மூலக்கூறுகள் கூடின குட்டி உருண்டைகள், உண்டாக்கணும். மைசெலுக்குள்ள அதிக நேரம் தங்குறது பிந்தி வரும். கார்டிசால் அழகாப் பிரிஞ்சு முன்னால வந்துட்டு. மத்த ரெண்டும் தண்ணிக்கு ஆகாதது. மைசெலை விட்டு இறங்காம கடைசியில ஒட்டிக்கிட்டே வந்துச்சு.

எஸ்டிஎஸ்ஸுக்குப் பதிலா சோடியம் கோலேட், அதாவது பித்த உப்பு போட்டேன். அதோட மைசெல் அவ்வளவு இறுக்கிப் பிடிக்காது. மூணு பீக்கும் தனித்தனியா எழும்பினப்போ உண்டான சந்தோஷம் சொல்லி மாளாது. பித்த உப்பும் கொலஸ்ட்ரால்ல பிறந்தது, இந்த ஹார்மோன்களும் அப்படித்தான். ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பிரிச்சுவிட அதே வீட்டு ஆள்தான் வேண்டியிருக்கு!

குழாயைக் குளிர்விக்கிற வசதி இல்லாத கருவின்னா சித்திரை வெயில்ல கவனம். ஒரு டிகிரி ஏறினா நகருற வேகம் சுமார் 2 சதவீதம் கூடும்.

சேரன்மகாதேவியிலிருந்து:

அக்கா, நான் தாமிரபரணித் தண்ணியில எஸ்ட்ராடையால்ங்கிற பெண் ஹார்மோனைத் தேடுதேன். எனக்குப் பிரிக்கிறதை விடக் கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடு. பொருள் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாத்துத்தான் கண்டுபிடிக்கணும், 50 மைக்ரோமீட்டர் குழாய்னா ஒளி கடக்கிற தூரமும் அவ்வளவுதான். வழக்கமா ஒளி அளக்குற 1 சென்டிமீட்டர் கண்ணாடிப் பெட்டி, அதான் கியுவெட், அதுல 200ல ஒரு பங்கு. உங்க மூணும் 240 நானோமீட்டர் பக்கம் நல்லா உறிஞ்சும். எஸ்ட்ராடையாலுக்கு அங்க அப்படி உறிஞ்சுற மூலக்கூறு அமைப்பு இல்ல, 200 நானோமீட்டர் பக்கம் போகணும். அங்க போனா ஆத்துத் தண்ணியில கிடக்கிற மட்கு எல்லாம் சேர்ந்து தெரியுது.

தண்ணிக்கு ஆகாத பொருளைப் பிடிச்சு வைக்கிற சி18 கார்ட்ரிட்ஜ்ல தண்ணியை இறக்கிச் செறிவாக்கி ஓட்டினேன். எஸ்ட்ராடையால் வர்ற நேரத்துல ஒரு பீக் தெரிஞ்சுது. அசல் எஸ்ட்ராடையால் ஸ்டாண்டர்டைக் கலந்து மறுபடி ஓட்டினா பீக் ரெண்டாப் பிளந்துட்டு. அது வேற ஏதோ பொருள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, ஸ்டாண்டர்டு கலந்து பாத்தியே, அதுதான் சரி. ஊரே குடிக்கிற தண்ணி. வர்ற நேரத்தை மட்டும் நம்பி ஹார்மோன் இருக்குன்னு எழுதிரக் கூடாது. மிச்சமிருக்க கார்ட்ரிட்ஜ் சாற்றை எல்சி-எம்எஸ், அதாவது திரவத்துல பிரிச்சு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல மூலக்கூறு நிறையைப் பாக்குற கருவி, உள்ள இடத்துக்கு அனுப்பு. நம்ம போரேட்டும் பித்த உப்பும் ஆவியாகாது, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஒத்துவராது. அதனால பஃபர் கலக்காத சாற்றையே கொடு.