ஸ்டெல்த் போர் விமானமும் தரையில் நேரும் சேதமும்: பெங்களூருத் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

முருகேஷ்பாளையத்திலிருந்து:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் போர் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வானத்தில் நேரும் விபத்து மறுநாளே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. நிறுத்திய இடத்தில் நேரும் விபத்தை அந்த வேலையைச் செய்தவர்கள் சொன்னால்தான் உண்டு. அதனால் என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

எங்கள் கூடத்தில் கருவிகள் மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் வடிவமும் சிவப்பு வண்ணத்தில் வரையப்பட்டிருக்கும். கருவியை எடுப்பவர் அந்த இடத்தில் தம் எண் பொறித்த பித்தளை வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். 1996இல் ஒரு நாள், மாலை வேலை முடியும் நேரத்தில், என் வில்லை மட்டும் பலகையில் தொங்கியது. பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர் என் பையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. நானே போய் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அடுத்த நாள் காலை பறக்க வேண்டிய விமானத்தை அவர் அந்த நிமிடமே நிறுத்தி வைத்தார். கம்பியில் கட்டிய கண்ணாடியும் காந்தமும் வைத்துக்கொண்டு ஆறு பேர் தேடினோம். விடியற்காலை மூன்று மணிக்கு, விமானி கால் வைக்கும் பெடலுக்குப் பின்னால், விரல் நுழையாத இடுக்கில் அது கிடைத்தது. அவர் அதைத் துணியால் துடைத்துப் பலகையில் மாட்டிவிட்டு, வில்லையை என் கையில் வைத்து, "சொன்னியேப்பா, அது போதும்" என்றார்.

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லூக் விமானப் படைத் தளத்தில் 2023 மார்ச் 15 அன்று நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. எஃப்-35 என்ற ஸ்டெல்த் விமானம் (ரேடாரில் எளிதில் சிக்காத போர் விமானம்) ஒன்றின் எஞ்சினைத் தரையிலேயே ஓட்டிச் சோதித்தார்கள். காற்று உள்ளே போகும் வாயைப் பார்வையிட்ட பணியாளர் தம் டார்ச் லைட்டை அங்கேயே வைத்துவிட்டார். எஞ்சினை நிறுத்தும்போது வழக்கமில்லாத சத்தம் கேட்டது. அதன் பிறகு கருவிகளை எண்ணியபோதுதான் டார்ச் இல்லை என்பது தெரிந்தது. சேதம் ஏறத்தாழ 39 லட்சம் டாலர், நம் பணத்தில் முப்பது கோடி ரூபாய்க்கு மேல். ஓட்டுவதற்கு முன்னால் எண்ணியிருந்தால் அந்தச் செலவே இல்லை.

ஜாலஹள்ளியிலிருந்து:

ஐயா, வணக்கம். கார்பன் இழைப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். உள்ளே புகுந்த பொருளைப் பற்றி நீங்கள் எழுதினீர்கள்; நான் வெளித்தோலைப் பற்றி எழுதுகிறேன்.

அலுமினியத் தகட்டின் மேல் ஸ்பேனர் விழுந்தால் பள்ளம் விழும், பார்த்தாலே தெரிந்துவிடும். கார்பன் இழைப் பலகையில் விழுந்தால் மேலே நகக்கீறல்கூட இருக்காது, ஆனால் உள்ளே அடுக்குகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்திருக்கலாம். முதல் சோதனையாக நாங்கள் ஒரு நாணயத்தால் தட்டிக் கேட்போம். சந்தையில் மண்பானை வாங்கும்போது என் அம்மா விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாரே, அதே வித்தைதான்: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் 'டொக்' என்று செத்த ஒலி தரும். பிறகு மீயொலிக் கருவியை வைத்து எவ்வளவு தூரம் பிரிந்திருக்கிறது என்று அளப்போம். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், பயிற்சிக்கு வந்த பையன் ஏணியிலிருந்து கருவியைத் தவறவிட்டான். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு 'டொக்' ஒலி கேட்டது. அதற்குள் அதன் மேல் வண்ணப் பூச்சு வரை எல்லாம் முடிந்திருந்ததால் அத்தனையையும் பிரித்து மீண்டும் செய்தோம்.

ஸ்டெல்த் விமானத்தில் இந்தத் தொல்லை பல மடங்கு. அதன் மேல் ரேடார் அலைகளை உறிஞ்சும் பூச்சு இருக்கிறது. பலகைகள் சேரும் கோடும் திருகுகளின் தலையும்கூட ரேடாரில் தெரியாதபடி நிரப்பி மூடப்பட்டிருக்கும். உள்ளே ஒரு சிறு பாகத்தை மாற்ற வேண்டுமென்றாலும் அந்த நிரப்பலைச் சுரண்டி எடுத்து, வேலையை முடித்து, மறுபடி நிரப்பி, ஈரப்பதமும் வெப்பமும் கட்டுப்படுத்திய கூடத்தில் உலர விட வேண்டும். பாகத்தின் விலையைவிட அதைச் சென்றடையும் வழிதான் அதிகம் செலவு வைக்கிறது.

தென்கொரியாவில் 2022 ஜனவரி 4 அன்று எஃப்-35 ஒன்றின் காற்று வாய்க்குள் கழுகு புகுந்ததால், சக்கரங்களை இறக்க முடியாமல் அந்த விமானம் சோசான் தளத்தில் வயிற்றாலேயே தரையிறங்கியது. விமானிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முந்நூறு பாகங்கள் அளவுக்குக் கெட்டிருந்தன; பழுதுபார்க்க 14,000 கோடி வான் (தென்கொரிய நாணயம்) ஆகும் என்று கணக்கிட்டார்கள், வாங்கிய விலையோ 11,000 கோடி வான்தான். 2023இல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள்.

ஐயா, ஒரு கேள்வி. தவறவிட்டதைச் சொல்ல இளம் பணியாளர்களை நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள்?

அல்சூரிலிருந்து:

சொந்த ஊர் நாகர்கோவில் என்பதால் ஊருக்குப் போகும்போதெல்லாம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில்தான் இறங்குவேன். பிரிட்டனின் எஃப்-35பி (எஃப்-35இன் ஒரு வகை) விமானம் 2025 ஜூன் 14 அன்று அங்கே அவசரமாக இறங்கி, ஹைட்ராலிக் கோளாறால் கிளம்ப முடியாமல் நின்றதே, அதை ஜூன் கடைசியில் என் ஜன்னல் இருக்கையிலிருந்து பார்த்தேன். தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் நிற உடம்பின் மேல் நீர் வழிய அது திறந்த வெளியில் நின்றது. சற்றுத் தள்ளித் துப்பாக்கியோடு காவலர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள். ஜூலை 6 அன்று பிரிட்டனிலிருந்து வல்லுநர் குழு வந்த பிறகுதான் அது கூடத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. ஜூலை 22 அன்று பறந்து போனது. உலகத்தின் விலையுயர்ந்த போர் விமானங்களில் ஒன்று, தன் ஆட்களும் கருவிகளும் இல்லாத இடத்தில் ஐந்து வாரம் அசைய முடியாமல் நின்றதைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாகவே இருந்தது.

அதே பிரிட்டனின் குவீன் எலிசபெத் விமானந்தாங்கிக் கப்பலில் 2021 நவம்பர் 17 அன்று, காற்று வாயை மூடும் மூடியை எடுக்க மறந்ததால், எஃப்-35பி ஒன்று போதிய விசையில்லாமல் மேல்தளத்தின் விளிம்பைத் தாண்டி மத்தியதரைக் கடலில் விழுந்தது. விமானி வெளியேறிப் பிழைத்தார்.

2025 பிப்ரவரியில் எலகங்கா விமானக் கண்காட்சியில், நம் நாடு உருவாக்கிவரும் அம்கா ஸ்டெல்த் போர் விமானத்தின் முழு அளவு மாதிரியின் பக்கத்தில் நின்று என் மகன் படம் எடுத்துக்கொண்டான். அதன் உருவாக்கத்துக்கு 2024 மார்ச்சில் 15,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது. அது பறக்கும் நாளில் அதைத் துடைத்து, இழுத்து, மூடியைக் கழற்றப்போகும் பிள்ளைகளுக்கு இப்போதே பயிற்சி தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முருகேஷ்பாளையத்திலிருந்து:

ஜாலஹள்ளி அம்மா, தவறவிட்டதைச் சொல்ல எப்படிப் பழக்கினோம் என்ற உங்கள் கேள்விக்குப் பதில். எங்களிடம் 'விழுந்தவை' என்று ஒரு நோட்டு இருந்தது. என்ன கருவி, எத்தனை அடி உயரத்திலிருந்து, எந்தப் பலகையின் மேல், எத்தனை மணிக்கு என்று நான்கு கட்டங்கள். விழ வைத்தவர் யார் என்பதற்குக் கட்டமே கிடையாது. நான் மேற்பார்வையாளர் ஆன முதல் வாரத்தில் அதன் முதல் வரியை நானே என் கையால் எழுதினேன்: ஸ்க்ரூடிரைவர், மூன்று அடி, இடது இறக்கை, காலை 9.40. அந்த மாதம் முடிவதற்குள் பக்கம் நிரம்பிவிட்டது.