மீடியத்தில் இரும்பைக் கட்டிப்போட்டும் ஜெல்லில் இரும்பு ஏற்பிகள் தெரியவில்லை. எங்கே தப்பு?

சேட்ஸ்வர்த் மாணவி:

வணக்கம். டர்பனில் முதுகலை ஆய்வு செய்கிறேன். சிறுநீர்த் தொற்று வந்தவர்களிடமிருந்து எடுத்த ஈ.கோலை பாக்டீரியாதான் என் ஆய்வுப் பொருள். எங்கள் ஆயாவுக்கு ஒரே வருடத்தில் நான்கு முறை இந்தத் தொற்று வந்தது. முதலில் கொடுத்த மாத்திரை அப்புறம் கேட்கவில்லை, கடைசியில் ஊசிமருந்து வரை போக வேண்டியதாயிற்று. இதற்கு ஒரு தடுப்பூசி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போது தோன்றியது, இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

பிரச்சினை இதுதான். இரும்பு கிடைக்காதபோது இந்தப் பாக்டீரியா தன் வெளிச்சவ்வில் இரும்பை உள்ளே இழுக்கும் ஏற்பிப் புரதங்களை நிறையச் செய்யும் என்று படித்திருக்கிறேன். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அவை 70 முதல் 80 கிலோடால்டன் பகுதியில் தெரிய வேண்டும். எல்.பி. என்ற சத்தான மீடியத்தில் (பாக்டீரியா வளர்க்கும் கரைசல்) ஓர் இரவு வளர்த்து, அதிலிருந்து நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் எடுத்து, இரும்பைக் கட்டிப்போடும் டைபிரிடிலை 200 மைக்ரோமோலார் கலந்த எல்.பி.யில் 37 டிகிரியில் 4 மணி நேரம் வளர்த்தேன். செல்களை உடைத்து, சார்கோசில் என்ற சோப்புப் பொருள் போட்டு, வெளிச்சவ்வைப் பிரித்து, 12 சதவீத ஜெல்லில் ஓட்டினேன். 35 முதல் 40 வரை தடித்த பேண்டுகள் வருகின்றன. மேலே ஒன்றுமே இல்லை. மூன்று முறை செய்துவிட்டேன்.

இன்னொன்று, டைபிரிடில் போட்ட குடுவையிலும் போடாத குடுவையிலும் ஓ.டி. (வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் அளவு) கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது. இரும்பைப் பிடிக்க பாக்டீரியா வெளியே அனுப்பும் சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறைப் பார்க்க, இரும்போடு சேர்ந்த நீலச் சாயமுள்ள சி.ஏ.எஸ். தட்டும் ஊற்றினேன். அது நீலமாக வர வேண்டாமா? ஊற்றும்போதே பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது, பாக்டீரியா வைக்காத தட்டும் அப்படியே. அடுத்த மாதம் ஆய்வறிக்கை காட்ட வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய ஆய்வகக்காரர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

பதில் உன் கேள்விக்குள்ளேயே இருக்கிறது அம்மா. ஓ.டி. ஒன்றாக இருக்கிறது என்றால் உன் பாக்டீரியாவுக்கு இரும்புப் பஞ்சம் வரவே இல்லை. பஞ்சம் வந்திருந்தால் வளர்ச்சி மந்தமாகியிருக்கும். ஜெல்லை அப்புறம் பார்ப்போம்.

இரண்டு கேள்வி. டைபிரிடில் போட்டதும் மீடியம் நிறம் மாறியதா? அந்த மருந்து இரும்பைப் பிடித்தால் சிவக்கும். எல்.பி. மஞ்சள் என்பதால் லேசான ரோஜா நிறமாகத்தான் தெரியும், வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் வைத்துப் பார். அடுத்தது, ஸ்டாக் (அடர்த்தியான மூலக்கரைசல்) எப்படிச் செய்தாய்? கணக்கை அப்படியே எழுது. மூன்று டைபிரிடில் சேர்ந்துதான் ஓர் இரும்பைப் பிடிக்கும். எல்.பி.யில் ஈஸ்ட் சாறும் டிரிப்டோனும் கொண்டுவரும் இரும்பே பத்து மைக்ரோமோலாருக்கு மேல் இருக்கும். அளவு குறைந்தால் பாதிகூடக் கட்டுப்படாது.

சேட்ஸ்வர்த் மாணவி:

நிறம் மாறவில்லை, ஐயா. ஸ்டாக் கணக்கை நோட்டில் பார்த்தேன். 200 மில்லிமோலார் ஸ்டாக் என்று நினைத்து 31 மில்லிகிராம் எடுத்திருக்கிறேன். ஆனால் 1 மில்லி எத்தனாலில் கரைக்க வேண்டியதை 10 மில்லியில் கரைத்திருக்கிறேன். அப்படியென்றால் இவ்வளவு நாளும் குடுவைக்குள் போனது 20 மைக்ரோமோலார்தான். நாளைக்கே புதிதாகச் செய்கிறேன்.

பழைய ஆய்வகக்காரர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

சரி, பத்தில் ஒரு பங்கு. ஆறேழு மைக்ரோமோலார் போல இரும்பு கட்டுப்படலாம், மீதி போதும் போதும் என்று கிடக்கிறது. பாக்டீரியா ஏன் சிரமப்படப் போகிறது?

செய்யும்போது இதையும் மாற்று. இரவு வளர்ப்பையும் டைபிரிடில் உள்ள மீடியத்திலேயே வை. ஈ.கோலை வயிறு நிறைய இரும்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், ஃபெரிட்டின் போன்ற புரதங்களில் அடைத்துவைக்கும். கொழுத்த செல்களை எடுத்துப் பஞ்சத்தில் போட்டாலும் சில தலைமுறை வரை அந்தச் சேமிப்பிலேயே ஓடும். 12 சதவீத ஜெல்லையும் விடு. 70, 80 கிலோடால்டன் புரதங்கள் அதில் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். 8 அல்லது 9 சதவீதம் ஊற்றி, சாயம் அடியை விட்டு ஓடினாலும் பரவாயில்லை என்று நீண்ட நேரம் ஓட்டு.

ஜோபர்க் ஆராய்ச்சியாளர்:

தங்கச்சி, ஐயா சொன்னதோடு சி.ஏ.எஸ். தட்டையும் சொல்லிவிடுகிறேன். நீ எம்-9 உப்புகளை வழக்கமான அளவில் போட்டிருப்பாய். அதிலுள்ள பாஸ்பேட் இரும்பைச் சாயத்திடமிருந்து பிடுங்கிவிடும், அதனால்தான் தட்டு பிறக்கும்போதே நீலத்தை இழந்துவிட்டது. 1987இல் ஷ்வினும் நீலாண்ட்ஸும் இந்த முறையை வெளியிட்டபோதே பாஸ்பேட்டைக் குறைத்து, பைப்ஸ் பஃபரில் பி.எச். 6.8இல் வைத்தார்கள். பைப்ஸ் அமிலம் சும்மா கரையாது, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டுப் பொறுமையாக 6.8க்குக் கொண்டுவா. குடுவைகளையும் அமிலத்தில் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பல முறை கழுவு. கண்ணாடியிலேயே இரும்பு ஒட்டியிருக்கும்.

செலெக்ஸ் பிசின் போட்டு மீடியத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி யாராவது சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அது மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். திருப்பிச் சேர்க்காவிட்டால் வளர்ச்சியே நின்றுவிடும், அதைப் பார்த்து இரும்புப் பஞ்சம் என்று நினைத்துவிடுவாய்.

இதை மட்டும் மறக்கவே கூடாது: மூன்றாவது குடுவை ஒன்று வை. டைபிரிடிலும் போட்டு, அதை மீறும் அளவுக்கு ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பும் போடு. அங்கே பேண்டுகள் மறைய வேண்டும். மறையாவிட்டால் நீ பார்ப்பது டைபிரிடிலின் நச்சுக்கு எழுந்த பதில், இரும்புக்கு அல்ல. இரும்பு நிறைய இருந்தால் ஃபர் என்ற புரதம் அந்த மரபணுக்களின் மேல் உட்கார்ந்து மூடிவிடும், இரும்பு போனால் எழுந்துவிடும். உன் மூன்று குடுவையும் காட்டப்போவது அதைத்தான்.

பீனிக்ஸ் வாசகர்:

நான் ஆய்வகக்காரன் இல்லை, இருந்தாலும் விடாமல் படிக்கிறேன். ஒரு சந்தேகம். கிருமிக்கு இரும்பு வேண்டும் என்கிறீர்கள். என் அம்மாவுக்கு ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள், அவர்களுக்கும் அடிக்கடி தொற்று வருகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

ஜோபர்க் ஆராய்ச்சியாளர்:

நிறுத்தாதீர்கள் அண்ணா. ரத்தசோகையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும். தொற்று அடிக்கடி வருவதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையைப் பற்றி அவரே முடிவு செய்யட்டும்.

உங்கள் கேள்விக்கு ஓர் அடிப்படை இருக்கிறது என்பது உண்மை. நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் செய்த பிரேதப் பரிசோதனைகளில் பலரின் ஈரலில் இரும்பு குவிந்து கிடப்பதை ஸ்ட்ராக்கன் 1929இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். இரும்புப் பானையில் காய்ச்சிய பாரம்பரிய பீர் அதற்கு ஒரு பெரிய காரணம் என்று பின்னால் தெரிந்தது. அதே ஆய்வேட்டை 1990களில் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள், இரும்பு அதிகமாகச் சேர்ந்தவர்களுக்கும் காசநோய்ச் சாவுக்கும் தொடர்பு தெரிகிறது என்றார்கள். ஆனால் அது ஈரல் நிறையத் தேங்கிய இரும்பு, உங்கள் அம்மா சாப்பிடும் மாத்திரை அளவோடு ஒப்பிடக் கூடாது.

பீனிக்ஸ் வாசகர்:

நன்றி அக்கா. அப்படியென்றால் நம் ரத்தத்தில் இரும்பு நிறைய இருக்கும்போது கிருமி ஏன் பஞ்சத்தில் இருக்கிறது?

ஜோபர்க் ஆராய்ச்சியாளர்:

ஏனென்றால் எல்லாம் பூட்டியிருக்கிறது. உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு, பெரும்பகுதி சிவப்பணுவின் ஹீமோகுளோபினுக்குள். ரத்தத்தில் ஓடுவதை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறது. தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் லாக்டோஃபெரின் காவல். இதனால் கட்டில்லாமல் உலாவும் இரும்பு பத்தின் மைனஸ் 24ஆம் அடுக்கு மோலார் என்று கணக்கிடுகிறார்கள். பாக்டீரியா வளர மைக்ரோமோலார் அளவுக்குக் கிட்டத்தில் வேண்டும். அந்த இடைவெளியைத் தாண்டினால்தான் நோய் உண்டாகும்.

ஈ.கோலை அதற்கு எண்டரோபாக்டின் என்ற சிறு மூலக்கூறை வெளியே அனுப்புகிறது. டிரான்ஸ்ஃபெரின் கையிலிருந்தே இரும்பைப் பிடுங்கும் வலிமை அதற்கு உண்டு. நம் உடம்பு பதிலுக்கு லிப்போகாலின்-2 என்ற புரதத்தை அனுப்பி எண்டரோபாக்டினையே பிடித்துவைக்கிறது. ஈ.கோலையின் சில விகாரங்கள் (உள்வகைகள்) அதன்மேல் சர்க்கரையை ஒட்டி சால்மோகெலினாக்கித் தப்பிக்கின்றன, அப்புறம் ஏரோபாக்டின், யெர்சினியாபாக்டின் என்று வேறு ஆயுதங்களும் வைத்திருக்கின்றன. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் சிடரோஃபோரே செய்யாமல் டிரான்ஸ்ஃபெரினையே நேராகப் பிடித்து உருவிக்கொள்ளும், அதுவும் மனித டிரான்ஸ்ஃபெரினை மட்டும்.

ஈ.கோலையில் இரும்போடு திரும்பி வரும் சிடரோஃபோர் உள்ளே நுழைய வெளிச்சவ்வில் வாசல் வேண்டும். அந்த வாசல்கள்தான் சேட்ஸ்வர்த் தங்கச்சி தேடும் பேண்டுகள்.

கால்நடை மருத்துவர், ஹாவிக்:

மாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. தடுப்பூசிக்காக பாக்டீரியாவைச் சத்தான மீடியத்தில் கொழுக்க வளர்த்து, கொன்று, ஊசியில் போட்டால் அந்த வாசல்கள் அதன் மேல் இருக்காது. மாட்டின் எதிர்ப்புச் சக்தி கொழுத்த பாக்டீரியாவின் முகத்தைப் படித்துக்கொள்ளும், உள்ளே வருவதோ பசியோடிருக்கும் பாக்டீரியா. இதை நினைத்துத்தான் அமெரிக்காவில் சிடரோஃபோர் ஏற்பிகளையும் போரின்களையும் (வெளிச்சவ்வின் துளைப் புரதங்கள்) பிரித்தெடுத்து மாடுகளுக்கு சால்மோனெல்லா ஊசியும், ஈ.கோலை ஓ157க்கு ஓர் ஊசியும் செய்தார்கள். நான் பால்பண்ணைகளுக்குப் போகிறவன், மடிநோயில் கிளெப்சியெல்லா வந்தால் எவ்வளவு வேகமாக மாடு சாய்ந்துவிடும் என்று பார்த்திருக்கிறேன். அதற்கும் இதே வழியில் முயற்சி நடந்திருக்கிறது. மாணவி செய்வது கட்டாயம் வேண்டிய வேலை.

பழைய ஆய்வகக்காரர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

டாக்டர் சொன்னதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு, தொண்டை அடைப்பான். அந்தக் கிருமி இரும்பு குறைந்தால்தான் நச்சை நிறையச் செய்யும். அதை 1930களிலேயே பாப்பன்ஹைமர் காட்டினார். நச்சிலிருந்துதான் டாக்சாய்ட் (வீரியம் போக்கிய நச்சு) ஊசி செய்கிறோம், ஆகவே மீடியத்தில் இரும்பு கூடினால் தடுப்பூசி உற்பத்தியே விழுந்துவிடும்.

சேட்ஸ்வர்த் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. புதிய ஸ்டாக் போட்டதும் மீடியம் லேசாகச் சிவந்தது. வளர்ச்சி பாதிக்கும் கீழே போய்விட்டது. 9 சதவீத ஜெல்லில் 74க்கும் 81க்கும் நடுவே மூன்று பேண்டுகள்! ஃபெரிக் குளோரைடு திருப்பிப் போட்ட குடுவையில் மூன்றும் இல்லை. சி.ஏ.எஸ். தட்டும் இந்த முறை நல்ல நீலம், என் ஏழு விகாரங்களில் ஐந்தைச் சுற்றி ஆரஞ்சு வளையம்.

இப்போது அடுத்த கேள்வி. இந்த மூன்று புரதங்களையும் சுத்தம் செய்து எலிக்குப் போட்டால் போதுமா? மேற்பார்வையாளரிடம் அப்படித்தான் சொல்ல நினைத்திருக்கிறேன்.

ஜோபர்க் ஆராய்ச்சியாளர்:

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். ஆனால் இங்கே கொஞ்சம் நில். பேண்டு தெரிந்தால் எதிர்ப்பொருள் வரும், ஆனால் எதிர்ப்பொருள் வந்தால் நோய் தடுக்கப்படும் என்று அர்த்தமில்லை.

இதற்குப் பெரிய விலை கொடுத்த பாடம் வி710. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஹீமோகுளோபினிலிருந்து இரும்பு எடுக்கப் பயன்படுத்தும் ஐஎஸ்டி-பி புரதத்தை வைத்து ஊசி செய்தார்கள். மார்பெலும்பைத் திறக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் சுமார் 8,000 பேரில் சோதித்தார்கள். எதிர்ப்பொருள் நன்றாக ஏறியது, காப்பாற்றவில்லை. ஊசி போட்டவர்களில் ஆரியஸ் தொற்று வந்தவர்கள், ஊசி போடாமல் அதே தொற்று வந்தவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். 2011இல் நிறுத்திவிட்டார்கள், 2013இல் முழு விவரமும் வெளியானது.

உன் கிருமிக்குத் திரும்புவோம். மிச்சிகன் குழு 2009இல் ஆறு இரும்பு ஏற்பிகளை எலியின் மூக்கு வழியாகக் கொடுத்துப் பார்த்தது. ஹெச்எம்ஏ, ஐஆர்இ-ஏ, ஐயுடி-ஏ மூன்றும் காத்தன, மற்ற மூன்று இல்லை. ஆகவே எந்த வாசல் என்பது முக்கியம். ஒன்றை மூடினால் இன்னொன்றால் இரும்பை எடுத்துக்கொள்ளும் கிருமி இது, தனி ஒன்றை நம்பினால் தோற்றுவிடுவாய். வாசலுக்கு மேல் நீண்டு நிற்கும் சர்க்கரைச் சங்கிலிகள் எதிர்ப்பொருளைத் தடுக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

வேறொரு வழி எனக்குப் பிடித்திருக்கிறது. சிடரோஃபோர் மிகச் சிறியது, உடம்பு அதைத் தானாக அடையாளம் காணாது. ஒரு பெரிய புரதத்தில் ஒட்டிக் கொடுத்தால் அதற்கே எதிர்ப்பொருள் வரும். யெர்சினியாபாக்டினையும் ஏரோபாக்டினையும் இப்படிக் கொடுத்து எலியின் சிறுநீர்த் தொற்றையும், எண்டரோபாக்டினைக் காலரா நச்சின் பி பகுதியோடு சேர்த்து சால்மோனெல்லாவையும் குறைத்ததாக 2016இல் இரண்டு குழுக்கள் எழுதின. நீ வாசலை விட்டு மூலக்கூறுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. இப்படியும் ஒரு பக்கம் இருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் சொல்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எல்.பி.யும் டைபிரிடிலும் உன் ஆயாவின் சிறுநீர்ப்பை அல்ல. நோயில்லாத பலரின் சிறுநீரைச் சேர்த்து, வடிகட்டி, அதிலேயே வளர்த்துப் பார். சிறுநீரில் இயல்பாகவே இரும்பு குறைவு. அங்கே எந்த பேண்டு வருகிறதோ அதைப் பின்தொடர்.

சேட்ஸ்வர்த் மாணவி:

புரிகிறது அக்கா. மேற்பார்வையாளரிடம் இன்று பேசினேன். சிறுநீரில் வளர்க்க ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும் என்றார், விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது வரும்வரை மூன்று பேண்டுகளையும் வெட்டி மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்புகிறேன், எது எந்த ஏற்பி என்று தெரிந்துவிடும். 74 பக்கம் இருப்பது ஐயுடி-ஏவாக இருந்தால் நன்றாக இருக்கும். அதற்கும் ஒரு மரபணு பி.சி.ஆர். வைத்திருக்கிறேன், முடிவு வந்ததும் ஜெல் படத்தோடு இங்கே போடுகிறேன்.