உதைப்பு குறைந்த மான் வேட்டைத் தோட்டா: 7எம்எம்-08 சரிதானா?

வணக்கம் நண்பர்களே. விஸ்கான்சினில் இருக்கிறேன். நவம்பர் கடைசியில் வரும் ஒன்பது நாள் மான் வேட்டைக்கு இந்த முறை மனைவியும் வருகிறார். என் 30-06 ரைஃபிளை இரண்டு முறை சுட்டதிலேயே அவருக்குத் தோள் கன்றிப்போனது. மூன்றாவது முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிட்டார். இப்படிப் பயந்து சுட்டால் மான் காயத்தோடு ஓடும். அதை என்னால் தாங்க முடியாது.

243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர் ஆகிய இரண்டு தோட்டா வகைகளையும் பார்த்தேன். மனம் 7எம்எம்-08 பக்கமே போகிறது. 308 வின்செஸ்டர் தோட்டாவின் கேஸ், அதாவது உலோகக் கூட்டின், கழுத்தைச் சுருக்கி 1980இல் ரெமிங்டன் கொண்டுவந்தது. 120 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு போட்டால் உதைப்பு நன்றாகவே குறையும்.

தோட்டாவை நானே நிரப்புவேன். எச்4895 வெடிமருந்தை, கையேட்டிலுள்ள உச்ச அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைத்துப் போடலாம் என்கிறது அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனம். மெதுவாக எரியும் மருந்துகளை அப்படிக் குறைப்பது ஆபத்து, அதைத் தொட மாட்டேன். பயிற்சிக்கு இது போதும், சரி. ஆனால் வேட்டையில் வேகம் குறைந்தால் குண்டு ஒழுங்காக விரியுமா? 100 கஜத்துக்குள்தான் சுடுவோம். நோஸ்லர் பாலிஸ்டிக் டிப் என்ற வேட்டைக் குண்டை மித வேகத்தில் வெள்ளைவால் மான் மீது பயன்படுத்தியவர்கள், எந்த வேகத்தில் எப்படி விரிந்தது என்று எழுதுங்களேன்.