மொரீஷியஸில் கோல்ஃப் ஆட எந்த மாதம் நல்லது?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் ஒரு வாரம் கோல்ஃப் ஆட மொரீஷியஸ் போகலாம் என்று இருக்கிறோம். ஜனவரியில் போகலாமா?

பதில்: ஜனவரி வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம், அதிலும் ஜனவரி, பிப்ரவரியில் மழையும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும், அந்த வெயிலில் 18 குழியும் நடந்து ஆடினால் உடம்பைப் பிழிந்துவிடும்.

பதில்: ஜூலை, ஆகஸ்டில் குளுமையாக இருக்கும், ஆனால் கிழக்குக் கரையில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். ‘இல் ஓ செர்ஃப்’ என்ற குட்டித் தீவில் இருக்கும் கோல்ஃப் மைதானம் அந்தப் பக்கம்தான். ஜெர்மன் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்தது, படகில்தான் போக வேண்டும், தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய இடங்கள் நிறைய, அதனால் பந்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆடாமல் திரும்பாதீர்கள்!

கேட்டவர்: சரி, அப்போ அக்டோபர்.

பதில்: நல்ல முடிவு. டிக்கெட் எடுக்கும் முன்பே கோல்ஃப் பைக்கு விமானத்தில் தனிக் கட்டணமா என்று கேட்டுவிடுங்கள்.