ரிலீஸ் ஃபார்ம்: வெளியீடா, விடுதலையா, இசைவா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வலையொலி (பாட்காஸ்ட்) தொடங்குவோருக்கான சட்டக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிப்புரிமை, அவதூறு, வணிகக்குறி என்று பெரும்பாலானவற்றுக்குச் சொல் கிடைத்துவிட்டது. பேச்சைப் பதிவு செய்து வெளியிட விருந்தினரிடம் கையெழுத்து வாங்குகிறோமே, அந்த ‘ரிலீஸ் ஃபார்ம்’ மட்டும் மூன்று வாரமாக என்னை நகரவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது.

முதல் வரைவில் ‘வெளியீட்டுப் படிவம்’ என்று போட்டிருந்தேன். நேர்காணலுக்கு வந்த ஒருவர் அதை வாங்கினார், தலைப்பை மட்டும் படித்தார், ஓரத்தில் ‘அடுத்த மாதம் இரண்டாம் வாரம் வெளியிட்டால் நல்லது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. தலைப்பு அதைத்தான் கேட்டது.

‘ஒப்புதல் படிவம்’ வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நீட்டுகிற தாளின் நினைவு வருகிறது. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

* * *

அம்மா,

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். ஒன்று வெளிவிடுதல், மற்றது பிடியை விடுதல். படிவத்தில் இருப்பது இரண்டாவது. நீங்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

பிடியை விடுவதற்குப் பத்திரப் பதிவில் நெடுநாளாக வழங்கும் சொல் ‘விடுதலைப் பத்திரம்’. கூட்டுச் சொத்தில் தன் பங்கை மற்றொரு பங்காளிக்கு விட்டுக்கொடுப்பவர் எழுதித் தருவது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதியதைத் தேடுவானேன்?

* * *

ஐயா,

> இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதியதைத் தேடுவானேன்?

நேற்று ஒரு விருந்தினரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “எந்தச் சொத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன்?” என்று கேட்டார். சிரித்தேன். இரவு யோசித்தபோது அவர் கேட்டது சரியென்று பட்டது.

விடுதலைப் பத்திரம் எழுதியவருக்கு அந்தச் சொத்தில் அதற்குமேல் பாத்தியதை கிடையாது. விருந்தினர் அப்படி எதையும் கைகழுவுவதில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் இடத்தில் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி என்று அடுக்கிக்கொண்டே போய், சொற்பொழிவாளரையும் சேர்த்து, வேறு எவ்வகையில் நிகழ்த்துபவரும் என்று முடிக்கிறது. நேர்காணல் தருபவரும் அந்த வரிசையில் நிற்கிறார் என்று வாதிட இடமிருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுத்த பின்னும், தன் நற்பெயர் கெடும்படி பேச்சைத் திரித்தால் தடுக்கும் உரிமை நிகழ்த்துநரிடமே இருக்கிறது. நேரம் கருதி வெட்டுவதை மட்டும் வைத்து நற்பெயருக்குக் கேடு என்று கொள்ளக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. தொகுப்பாளர்கள் சற்று மூச்சு விடலாம்.

ஆக, குரல் அவருடையது. அதைப் பதிவு செய்யவும் வெட்டவும் வெளியிடவும் நாம் அனுமதி வாங்குகிறோம். ‘விடுதலை’ என்றால் இதைவிட அதிகம் பறிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

* * *

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ‘குரலிசைவு’ எப்படி? குரல் + இசைவு. சொல்லும்போதே இனிமையாக இருக்கிறது.

* * *

இனிமைதான் தம்பி, அதுவே சிக்கல். குரலிசைவு என்றால் நாலு பேர் சேர்ந்து சுருதி பிசகாமல் பாடுவதாகத்தான் எனக்குக் கேட்கிறது. ‘பதிவிசைவு’ என்று மாற்றிக்கொள்ளலாம். ‘பதிவு’ முற்றியலுகரச் சொல்லாயிற்றே, உகரம் கெடலாமா என்று கேட்க வேண்டாம். முற்றியலுகரமும் சில இடங்களில் குற்றியலுகரம்போலக் கெடும் என்று நன்னூல் இடம் தருகிறது.

* * *

ஐயா, தம்பி, இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

‘பதிவிசைவு’ நல்ல சொல். ஆனால் நான் தேடிய பொருளுக்கு அல்ல, வேறொன்றுக்கு. ஒலிப்பதிவைத் தொடங்கியதும், “இந்த உரையாடல் பதிவாகிறது, உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டு “சம்மதம்” என்ற பதிலையும் சேர்த்துப் பதிவு செய்கிறோமே, அதற்கு. தொலைபேசியிலோ இணையவழியிலோ பேசும்போது இது வெறும் மரியாதை அல்ல. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி உரையாடுவோரில் ஒருவர் சம்மதித்தால் போதும். கலிஃபோர்னியாவிலோ தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்ய அனைவரும் சம்மதிக்க வேண்டும். விருந்தினர் எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறார் என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது. எல்லாரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

பதிவுக்கு இசைந்தவர் வெளியீட்டுக்கும் இசைந்தார் என்று ஆகாது. மூன்று மாதம் கழித்து, “பேசினேன், உண்மைதான். ஊரறியப் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை” என்று ஒருவர் சொன்னால் அந்த ‘சம்மதம்’ கைகொடுக்காது. அதற்குத்தான் எழுத்து.

எழுதும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. உரிமம் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். எத்தனை காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். வலையொலி ஏற்றிய மறுநிமிடம் எல்லை தாண்டிவிடுகிறது, பத்தாண்டு கழித்தும் அங்கேயே கிடக்கிறது. ‘உலகெங்கும்’, ‘காலவரையின்றி’ என்ற இரண்டு சொற்களை எழுத மறந்தால் பழைய நிகழ்ச்சிகளின் நிலை என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் பார்க்கும்போது அந்தத் தாள் வேலையளவில் ஓர் உரிமம் என்று தெரிகிறது. எனவே என் முன்மொழிவு: ‘இசைவுரிமம்’. இசைவு, உரிமம் இரண்டும் அதில் இருக்கின்றன. உரிமை வேறு, உரிமம் வேறு என்ற வேறுபாடு தமிழில் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால், உரிமை விருந்தினரிடமே தங்குகிறது என்பதை விளக்காமலே சொல்லிவிடலாம்.

* * *

அம்மா,

பாதி ஏற்கிறேன். ஆங்கிலப் படிவங்களில் ‘பின்னாளில் உங்கள்மேல் வழக்குத் தொடுக்க மாட்டேன்’ என்றொரு பகுதி வருமே, ‘ரிலீஸ்’ என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதானே? உங்கள் சொல்லில் அது எங்கே?

* * *

ஐயா,

சொல்லில் இல்லை. படிவத்தின் உள்ளே ஒரு பத்தியாக இருக்கும். அதற்கு ‘வழக்குத் துறப்பு’ என்று தலைப்பிட்டிருக்கிறேன். வெளியே பெயர்ப்பலகையில் எழுதினால் விருந்தினர் வாசலோடு திரும்பிவிடுவார். தவிர, அந்தப் பத்தியைப் பெரிதாக நம்பிவிடக் கூடாது. விருந்தினர் தன் பழைய முதலாளியைத் திருடன் என்று நம் நிகழ்ச்சியில் சொன்னால், வழக்குத் தொடுக்கப்போகிறவர் அந்த முதலாளி. அவர் நம்மிடம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வெளியிட்டவர் என்ற முறையில் நாமும் கூண்டில் நிற்க நேரும். அந்த வரியை வெட்டுவதா வைப்பதா என்பதைத் தொகுக்கும் மேசையில்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாற்றிய படிவத்தின் முதல் வரி இது: ‘என் குரலையும் பேச்சையும் பதிவு செய்யவும், தொகுக்கவும், உலகெங்கும் காலவரையின்றி வெளியிடவும் இந்த இசைவுரிமத்தின்வழி அனுமதிக்கிறேன், என் குரலைக் கணினியால் போலியாக உருவாக்க இது இடம் தராது.’ கடைசிப் பகுதியை நான் கேட்காமலே இரண்டு விருந்தினர்கள் சேர்க்கச் சொன்னார்கள்.

* * *

சரி, தோற்றேன். ‘இசைவுரிமம்’ என்று சேர்த்தே எழுதுங்கள், நடுவில் இடைவெளி வேண்டாம். ‘பதிவிசைவு’ம் நம் சொற்பட்டியலில் தனியாக ஏறட்டும், தம்பி தொடங்கி வைத்ததற்காக.

பட்டியலைத் திறந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ‘ராயல்டி ஃப்ரீ’ என்பதற்கு யாரோ ‘இலவச இசை’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை பணம் கட்டிவிட்டால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் திரும்பக் கட்ட வேண்டியதில்லை என்பதல்லவா அதன் பொருள்? அதை நம்பி எத்தனை பேர் முகப்பிசை போட்டுவிட்டார்களோ. அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா, நான் ‘தொடர்கட்டணமிலா’ என்பதோடு வருகிறேன்.